வந்தவை மட்டும்

தேவகோட்டை கோர்ட்டுக்கு எதிர் வரிசை.
ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன்.
மூன்றாவது நாற்காலி என்னுடையது.
சாயங்காலம் ஆறரைக்கு வக்கீல் குமாஸ்தா
இரண்டு போன்களை மேசையில் வைத்தார்.
பின்னாலேயே இரண்டு ஆட்கள்.

ஒரு லாரியைச் சேர்ந்து வாங்கியவர்கள்;
அதை விற்ற கதையை
ஆளுக்கொன்றாகச் சொல்பவர்கள்.
சாத்தப்பன். சவரிமுத்து.
அந்தப் போன்களில் எந்தப் பெயரைத் தொடங்கவும்
ஏழாம் பொத்தானை
நாலு தரம் அழுத்தவேண்டும்.

சாத்தப்பனுடையது கேமரா வைத்தது.
பன்னிரண்டாயிரம் கொடுத்தாராம் அந்நாளில்.
அடியில் அகலமாய் ஒரு வாய்,
அந்த வாய்க்கென்றே ஒரு கேபிள்,
கேபிளுக்கென்றே ஒரு சிடி.
சிடி போட என் கம்ப்யூட்டரில் இடமில்லை.
டிரைவரைத் தேடிப் பிடித்து
மூன்று தரம் பிடுங்கிச் செருகியபின்
'டொய்ங்' என்றது.
நூற்றுப் பதினாறு செய்திகள்
டிக்கெட் கிழித்த கூட்டம்போல
சத்தமின்றி இறங்கி நின்றன.

சவரிமுத்துவுடையதில் டார்ச் உண்டு.
பாம்பு விளையாட்டு உண்டு.
சார்ஜர் ஊசிக்கு ஒரு துளை.
கம்ப்யூட்டருக்கு வாசலே கிடையாது.
பேட்டரிக்கு அடியில் நாலு பொன் புள்ளி;
அதைத் தொட்டுப் படிக்கிற பெட்டி
காரைக்குடியில் ஒருத்தரிடம் இருந்தது,
அவர் இப்போது டிரோன் ரிப்பேர் பார்க்கிறார்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
விலை வேறு, எடை வேறு.
ஒரு குணம் மட்டும் ஒன்று:
அனுப்பியதை வைத்துக்கொள்வதில்லை.
வந்தவை மட்டும்.
சாத்தப்பன் சொன்னதெல்லாம் சவரிமுத்துவிடம்.
சவரிமுத்து சொன்னதெல்லாம் சாத்தப்பனிடம்.
பதினைந்து வருஷமாய்
அவரவர் பேச்சு
அடுத்தவர் பீரோவில்.

"வாசிங்கண்ணே, நான் அடிக்கிறேன்."

சவரிமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு
சாத்தப்பனாகப் பேசத் தொடங்கினார்:
'டயர் ரெண்டு மாத்தணும். நீ பாதி.'
'திருச்சி தாண்டியாச்சா.'
'பைனான்ஸ்காரன் வந்தான்.
நீ ஊர்ல இல்லேன்னுட்டேன்.'

கரண்ட் போனது.
யுபிஎஸ் கீச்சிட்டது. ஃபேன் தளர்ந்து நின்றது.
நிறுத்தாமல் டார்ச்சை அழுத்தினார்.
வாசிக்கிற முகம் இருட்டில்,
கேட்கிற முகம் வெளிச்சத்தில்.
'மக பாஸா? நம்பர் அனுப்பு.
நெட் சென்டர்லதான் இருக்கேன்.'

சாத்தப்பன் லேமினேஷன் மிஷினையே பார்த்தார்.
அது அணைந்துதான் கிடந்தது.

தேதிவாரியாய் அடுக்கினேன்.
இவருடையது ஒன்று, அவருடையது ஒன்று,
கியரில் பல்லுக்குள் பல் விழுந்தது.
மே இருபத்தாறு வரைக்கும்.
அப்புறம் சாத்தப்பன் போனில் மட்டும் நாலு வரி:
'வண்டி எங்க.'
'எங்கப்பா.'
'பதில் போடு.'
'சரி.'

"போட்டேன்" என்றார் சாத்தப்பன்.
"விலை, வாங்குன ஆளு, எல்லாம் போட்டேன்."
"வரல."

அந்தச் சின்னப் போன் ஐம்பதுதான் கொள்ளும்.
எண்ணினேன். ஐம்பது.
திரை மூலையில் ஒரு கடித உறை
மினுக்கிக்கொண்டே இருந்தது.
இடமில்லாவிட்டால் டவரில் நிற்கும்,
சில நாள் பார்த்துவிட்டுச் செத்துவிடும் என்றேன்.
போட்டதற்கும் போடாததற்கும்
அங்கே இப்போது ஒரே சாட்சிதான்:
ஒன்றுமில்லை.

"ஒண்ணை அழிச்சிருந்தா வந்திருக்கும்ணே."
"எதை அழிக்கச் சொல்ற?" என்றார் சவரிமுத்து.
என்னிடம் பதிலில்லை.
சாத்தப்பன் பக்கமும் சத்தமில்லை.

கரண்ட் வந்தது. பிரிண்டர் தொண்டையைச் செருமியது.
பக்கம் மூன்று ரூபாய்; ஒன்பது பக்கம்; இரண்டு செட்.
"ஐம்பத்து நாலு" என்றேன்.
"ஆளுக்குப் பாதி" என்றார் குமாஸ்தா.

இரண்டு நூறு ரூபாய்த் தாள்
ஒரே சமயத்தில் நீண்டன.
கல்லாவைத் திறந்து பார்த்தேன்.
சில்லறை இல்லை.